மூன்றாவது மடிக்கணினி கேட்டால் வியாபாரியா?

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திமிரி. அதுபோன்ற ஒரு பேரூராட்சியில் மடிக்கணினி வாங்க நினைப்பவர் ஆற்காடு, ராணிப்பேட்டை, வேலூர்க் கடைகளில் விசாரிக்கலாம். ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டுச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம். இல்லையென்றால் கையில் இருக்கும் செல்போனிலேயே ஆர்டர் போடலாம். ஆயுதபூஜை, தீபாவளியை ஒட்டிய வாரங்களில் செல்போன் பக்கம்தான் கூட்டம். அந்த வாரங்களில்தான் பலர் ஒரு சிறிய எழுத்து வரியில் போய் முட்டிக்கொள்கிறார்கள்: ஒருவருக்கு இத்தனைதான். இரண்டை மூன்றாக்கப் பார்த்தால் திரை மறுக்கும். சில நேரம் மறுக்காது. பணம் பிடிக்கப்படும், மறுநாள் ஆர்டர் ரத்து என்று செய்தி வரும். பிள்ளையின் படிப்புக்கு ஒன்று வாங்குகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஜெராக்ஸ் கடையோடு இ-சேவையும் நடத்துகிறவர், பத்துப் பேருக்கு டேலி சொல்லித் தருகிறவர், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் போன்றவர்களுக்குத்தான் இடி. இவர்களுக்கு வேண்டியது மூன்றோ நான்கோ. மொத்தக் கொள்முதல் என்று யாரும் மதிக்க மாட்டார்கள். தனி வாடிக்கையாளர் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள். கொள்முதல் வரம்பு வேண்டியதுதான். அந்த வரம்புக் கோட்டை எண்ணிக்கையை வைத்து இழுத்ததில்தான் பிழை. எதற்காக வாங்குகிறார் என்பதை வைத்து இழுக்க வேண்டிய கோடு அது. அப்படி இழுக்க நம் சட்டமே வழி காட்டியிருக்கிறது.

முதலில் வரம்பின் பக்கமுள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஃப்ளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’ தள்ளுபடி விற்பனையை 2014 அக்டோபர் 6 அன்று நடத்தியது. தளம் திணறியது, பொருள்கள் கண்ணெதிரே தீர்ந்தன, நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சந்தை விலைக்குக் கீழே ஒரு பொருளை வைத்தால், அதை வாங்கி மறுவாரமே லாபத்துக்கு விற்க ஆள் வருவது இயற்கை. 2021இல் உலகமெங்கும் கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்காமல் போனபோது அமெரிக்கக் கடைகள் ஒருவருக்கு ஒன்று என்று அறிவித்தும், கணினி நிரல்களை வைத்து நொடியில் அள்ளிச் சென்றவர்கள் இரட்டை விலைக்கு விற்றார்கள். 2025 நவம்பரில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை விழுங்கத் தொடங்கியதும், டோக்கியோவின் அகிஹபாரா கடைவீதியில் ரேம், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்குச் சில கடைகள் வரம்பு வைத்தன. வரம்பே இல்லாவிட்டால் திமிரியில் ஒரு கல்லூரி மாணவிக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி ஏதோ ஒரு கிடங்குக்குப் போய்விடும். அந்த மாணவியின் பங்கைக் காப்பாற்றுகிற அளவில் வரம்பு நல்லதே. யாரைத் தடுக்க வைத்த வரம்பு, யாரைத் தடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மறுவிற்பனைக்காக வாங்குகிறவரையும் வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரையும் ‘நுகர்வோர்’ என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. உடனே ஒரு விளக்கத்தையும் சேர்க்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. முந்தைய சட்டத்திலும் இருந்த இந்த விளக்கத்தின் பொருளை 1995இலேயே உச்ச நீதிமன்றம் விரித்துச் சொல்லியிருக்கிறது, அதுவும் நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர், தட்டச்சுப் பொறி வாங்கிப் பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுத்துக் கூலி பெறுகிறவர் போன்றோர் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அன்றைய தட்டச்சு நிலையத்தின் இடத்தில்தான் இன்று கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. பொறி மாறியிருக்கிறது, பிழைப்பு மாறவில்லை. ஆகவே சட்டம் பார்ப்பது நோக்கத்தை: விற்கவா, வைத்துப் பிழைக்கவா? தளங்கள் பார்ப்பதோ எண்ணிக்கையை. நான்கு மடிக்கணினி வாங்கித் தன் மையத்தில் வைத்துக்கொள்கிறவர் சட்டப்படி நுகர்வோராக இருக்க வாய்ப்புண்டு. தளத்தின் கணக்கில் அவர் சந்தேகத்துக்குரிய வியாபாரி.

எண்ணிக்கையை வைத்துத் தடுப்பதால் உண்மையான மறுவிற்பனையாளர் தடுக்கப்படுகிறாரா என்றால், அதுவும் இல்லை. ஐம்பது சிம் கார்டு, ஐம்பது கணக்கு, பத்து முகவரி என்று வைத்திருப்பது அவருக்குத் தொழில் முறை. அகப்பட்டுக்கொள்வது ஒரே பெயர், ஒரே முகவரியில் நேர்மையாக நான்கு கேட்கிறவர். அவர் என்ன செய்கிறார்? மைத்துனரின் கணக்கில் ஒன்று, பக்கத்துக் கடைக்காரரின் கணக்கில் ஒன்று என்று போடுகிறார். வங்கி அட்டைத் தள்ளுபடியும் பெரும்பாலும் அட்டை ஒன்றுக்கு ஒரு முறைதான் என்பதால் உறவில் யாரிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது என்று தேடுகிறார். ஊரில் சர்வசாதாரணமான இந்த ஏற்பாட்டுக்குக் கொடுக்கும் விலையைப் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. மடிக்கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரி உட்பட 40,000 ரூபாய்க்கு வாங்கினால் அதில் ஏறக்குறைய 6,100 ரூபாய் வரி. ஜிஎஸ்டி பதிவுள்ள பட்டறைக்காரர் தன் எண் அச்சிட்ட பில்லோடு வாங்கினால் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை. மைத்துனர் பெயரில் பில் வந்தால் அந்த 6,100 போனது போனதுதான். பண்டிகைத் தள்ளுபடியாகக் கிடைத்த நான்காயிரமோ ஐந்தாயிரமோ அதிலேயே கரைந்துவிடும். வருமான வரியில் கணினிக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு. அதைக் கழிக்கவும் பில் தொழிலின் பெயரில் இருக்க வேண்டும். பழுதானால் வாரண்டிக்குப் பில் கேட்பார்கள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் வாங்கியவர் யார் என்ற கேள்விதான் முதலில் வரும். ஆக, கண்மூடித்தனமான வரம்பு ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறவரைக் கணக்கில்லாமல் வாங்கப் பழக்குகிறது. இதில் வேடிக்கை, பெரிய தளங்களில் ஜிஎஸ்டி எண்ணைப் பதிவதற்கென்று ஒரு கட்டமும் இருக்கிறது. தொழிலுக்கு வாங்குகிறவரே வாருங்கள் என்று ஒரு கை அழைக்கிறது; வந்தவரை இன்னொரு கை வியாபாரி என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறது.

வரம்பைவிட அதைச் சொல்கிற விதம் மோசம். முழுப்பக்க விளம்பரத்தில் விலை இருக்கும்; அந்த விலையில் எத்தனை உண்டு, ஒருவருக்கு எத்தனை என்பது கடைசித் திரையில்தான் தெரியும். இது வெறும் நாகரிகக் குறைவு என்று விட்டுவிட முடியாது. சலுகை விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, சந்தையின் தன்மைக்கு ஏற்ற நியாயமான காலத்துக்கும் நியாயமான அளவிலும் அந்த விலையில் விற்கும் எண்ணம் இல்லாமலிருப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது. 2020ஆம் ஆண்டின் இணையவழி வணிக விதிகள், ஒரே வகை நுகர்வோருக்கிடையே பாகுபாடு காட்டுவதையும் அவர்களின் உரிமையைப் பாதிக்கும்படி தன்னிச்சையாக வகைபிரிப்பதையும் தடை செய்கின்றன. அதே விதிகளில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் இருக்கிறது: ஆர்டரை ரத்து செய்யும் வாடிக்கையாளரிடம் நிறுவனம் கட்டணம் வாங்க வேண்டுமானால், தானாக ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும். 2023 நவம்பரில் வெளியான ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டன. போலி அவசரம் அதில் ஒன்று. ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று சிவப்பில் மின்னுவது இருப்பைச் சொல்கிறதா, அவசரத்தை மூட்டுகிறதா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. வரம்பை வைத்தது யார் என்பதும் தெரியாது. 2019 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள விதிப்படி அந்நிய முதலீடு பெற்ற தளங்கள் சந்தைக்கூடம் மட்டுமே. விலையில் அவை தலையிடக் கூடாது. அப்படியானால் ஒருவருக்கு இரண்டு என்றது தளமா, அதில் கடை விரித்த விற்பனையாளரா, மடிக்கணினி தயாரித்த கம்பெனியா? கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

தன் பொருளை எத்தனை விற்பது என்பது விற்பவர் விருப்பம், இதில் எவரும் தலையிட முடியாது என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். நான்கையும் விற்றே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, வேண்டியதும் இல்லை. வரம்பை விலைக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் போடச் சொல்வதும், ஏற்றுக்கொண்ட ஆர்டரை ரத்து செய்தால் காரணம் சொல்லச் சொல்வதும் விற்பவரின் உரிமையைக் குறைப்பதாகாது. லட்சக்கணக்கான ஆர்டர் குவிகிற நாளில் ஒவ்வொருவரின் நோக்கத்தையும் எப்படிச் சோதிப்பது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். இதற்கு ரயில்வே ஏற்கெனவே ஒரு வழி கண்டிருக்கிறது. ஐஆர்சிடிசியில் சாதாரணக் கணக்குக்கு மாதம் 12 டிக்கெட், ஆதார் இணைத்த கணக்குக்கு 24 என்று 2022இல் வரம்பு வைத்தார்கள். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்தவர் மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்கலாம். முன்பதிவு திறந்த முதல் அரை மணி நேரம் முகவர்களுக்குத் தடை. தட்கல் கிடைக்காத எரிச்சல் இதனால் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் விதி வெளிப்படையானது, அடையாளத்தைக் காட்டினால் வரம்பு உயர்கிறது, மறுவிற்பவர் தனி வரிசைக்குப் போகிறார். கணினிக்கு ஆதார்கூட வேண்டாம். 2020 ஜூலையிலிருந்து சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசமாகக் கிடைக்கிறது, சிறு பட்டறைக்காரர் பலரிடம் அந்த எண் இருக்கிறது. என்ன தொழில் என்ற குறியீடும் அந்தப் பதிவில் உண்டு: தோல்பொருள் தயாரிப்பவர் யார், கணினிப் பயிற்சி தருகிறவர் யார், சில்லறை வியாபாரி யார் என்று ஒரே பார்வையில் பிரித்துவிடலாம். உத்யம் எண் அல்லது ஜிஎஸ்டி எண் கொடுத்தால், வியாபாரி அல்லாதவருக்கு ஆண்டுக்கு ஐந்து என்று வரம்பை உயர்த்துவதில் தளத்துக்கு என்ன நட்டம்? பொய் சொல்லி வாங்கி விற்கிற சிலர் இதிலும் நுழைவார்கள். ஐம்பது சிம் கார்டுக்காரரைப் பிடிப்பதைவிட ஒரு பதிவு எண்ணுக்குரியவரைப் பிடிப்பது சுலபம்.

தொழிலுக்கு வாங்குகிறவர்களுக்குத் தனித் தளங்கள் இருக்கின்றனவே என்றும் கேட்கலாம். 2017இலிருந்து அமேசான் பிசினஸ் இருக்கிறது; ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் முதலில் அங்கே விலை பார்ப்பதே புத்திசாலித்தனம். பதிவே தேவைப்படாத அளவு சிறிய வரவுசெலவு உள்ள டேலி வகுப்புக்காரருக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பது சந்தேகம். உள்ளூர்க் கடைக்காரர்களின் ஆட்சேபம் வேறு மாதிரி: வரம்பு இருப்பதால்தான் நான்கு வேண்டியவர் எங்களிடம் வருகிறார், அதையும் எடுத்துவிட்டால் நாங்கள் எங்கே போவது? இந்தக் குரலைத் தள்ளிவிட முடியாது. தளங்கள் சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டுகின்றன என்று வியாபாரிகள் சங்கம் கொடுத்த புகாரின் மேல்தான் 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் அமேசான், ஃப்ளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் ஆற்காட்டுக் கடைக்காரருக்கு வேண்டியது சமமான விலையில் சரக்கு. தளத்தின் ஒரு மூடிய விதியால் தவறி வந்து விழும் வாடிக்கையாளர் அந்தக் குறையை நிரப்ப மாட்டார். உண்மையில் நான்கு வாங்குகிறவர் கடைக்காரரிடம் பேரம் பேசலாம், மெமரி கூட்டித் தரச் சொல்லலாம், ஒன்று பழுதானால் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கேட்கலாம். அட்டைத் தள்ளுபடி, பழைய பொருள் மாற்று எல்லாம் சேர்த்து விளம்பரம் காட்டும் கடைசி விலையை, நான்கு பெட்டிக்கும் உண்மையில் கட்ட வேண்டிய தொகையாக மாற்றி எழுதிப் பார்த்தால், அதற்கும் கடைக்காரர் தரும் கொட்டேஷனுக்கும் உள்ள தூரம் பல சமயம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

விதி மாறும்வரை வாங்குகிறவர் கையில் இருப்பது கொஞ்சம்தான், அதையாவது பயன்படுத்த வேண்டும். வரம்பு எத்தனை என்பதை விற்பனை தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்வது, அதற்குள் அடங்குவதைத் தன் பெயரிலும் தன் ஜிஎஸ்டி எண்ணிலும் வாங்குவது, மிச்சத்தைக் கடையில் கேட்பது. இரவல் கணக்கு வேண்டாம். ஏற்ற ஆர்டரைத் தளம் ரத்து செய்தால், விளம்பரத்தையும் ஆர்டர் உறுதியையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்பது விதி. அடுத்த படி 1915 என்ற தேசிய உதவி எண், அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இப்படிச் சில வழக்குகள் போய், சுயதொழில்காரர் நான்கு மடிக்கணினி வாங்குவது மறுவிற்பனையா என்ற கேள்விக்கு ஓர் ஆணையம் தெளிவாகத் தீர்ப்பெழுதினால், நுகர்வோர் விவகார அமைச்சகம் வரம்பு பற்றி ஒரு விதி எழுதுவதற்கு அதுவே போதுமான அடிப்படை.