ஸ்பிரிங் மேல் போட்ட பழி
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

நம் ஆய்வுக்கூடத்தில் சுருள்வில்லின் முனையில் எடையைத் தொங்கவிட்டு அலைவு நேரம் காண்கிறோம். விடை நமக்கு முன்கூட்டியே தெரியும். சென்ற ஆண்டு அண்ணன்மார்களின் ரெக்கார்டு நோட்டில் அது இருக்கிறது. அளவீடு சற்றே விலகினால் அளவீட்டைத் திருத்துகிறோமே தவிர, ஏன் விலகியது என்று கேட்பதில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, நானும் திருத்தியவன்தான். அந்தப் பழக்கம் சென்ற கோடை விடுமுறையில் என்னை நன்றாகத் தலைகுனிய வைத்தது.

என் தந்தையார் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் பட்டறையில் கூடமாட நிற்பேன். ஜவுளி மூட்டையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கும் ஓர் அக்காவின் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒருநாள் வந்தது. கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று அறுந்திருந்தது. அப்பா வெளியூர் போயிருந்தார். மூன்று ஸ்பிரிங்குகளையும் நானே மாற்றினேன். கடைக்காரர் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்காகக் கொடுத்தார். நல்லதுதானே என்று போட்டுவிட்டேன்.

மறுநாள் அக்கா வந்து நின்றார்.

"தம்பி, ரயில்வே மேம்பாலத்துல வண்டி இழுக்கவே இல்ல. சும்மா கத்துது. மூட்டையோட தள்ளிக்கிட்டு ஏறினேன்."

மாற்றியது ஸ்பிரிங், வண்டி கெட்டது அதற்குப் பிறகு, ஆகவே குற்றம் ஸ்பிரிங்கினுடையது. இதுதான் என் தர்க்கம். வேறு ஸ்பிரிங்குகளை, சாதாரணமானவையாக, என் கைக்காசில் வாங்கி மாற்றினேன். அரை நாள் போயிற்று. அன்று மாலையே வண்டி அதே புகாரோடு திரும்பி வந்தது. அக்காவுக்கு இரண்டு நாள் வியாபாரம் போனது. "படிக்கிற பையன் கை வச்சானாம்" என்று கடைத்தெருவில் பேச்சு வரும் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிரவுதான் நோட்டை எடுத்தேன். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பல்சக்கரங்களை மாற்றும் வேலையை ஒரு பெல்ட்டும், அகன்று குறுகும் இரண்டு புல்லிகளும் செய்கின்றன. 1958-இல் ஹாலந்து நாட்டின் டாஃப் 600 என்னும் சிறிய காரில் வந்த அதே தத்துவம். பின்புல்லியோடு சேர்ந்து கிளட்ச் ஷூக்கள் சுழல்கின்றன. வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் அவை வெளிப்பக்கம் விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தைப் பற்றிச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. அவற்றை உட்பக்கம் இழுத்துப் பிடிப்பவைதான் அந்தச் சின்ன ஸ்பிரிங்குகள்.

மையவிலக்கு விசை சுழல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நாம் படித்ததுதான். ஸ்பிரிங்கின் இழுப்பு 20 சதவீதம் கூடினால், ஷூ பற்றத் தொடங்கும் வேகம் ஏறத்தாழ 9½ சதவீதம்தான் கூடும். அந்தப் பழைய வேகத்தைப் போல் இரண்டு மடங்கில் ஓடும்போது, வெளிநோக்கிய விசை ஸ்பிரிங்கின் பழைய இழுப்பைப் போல் நான்கு மடங்கு ஆகிவிடும். முன்பு நான்கில் ஒன்று போக மூன்று பங்கு பிடிப்பு இருந்தது, இப்போது 2.8 பங்கு. நூற்றுக்கு ஏழுகூடக் குறையவில்லை! வண்டி கிளம்பச் சற்றுத் தாமதமாகலாமே தவிர, ஓடுகிற வண்டி மேம்பாலத்தில் நின்றுபோக இது காரணமாகாது. சாதாரண ஸ்பிரிங் போட்ட பின்னும் புகார் மாறவில்லை என்பதே அதற்குச் சாட்சி. 1678-இல் ஹூக் வெளியிட்ட விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன், காசைச் செலவழித்த பிறகுதான் அதை நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் அப்பா வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டி கத்துதா, முக்குதா?"

எஞ்சின் கத்தியும் வண்டி நகராவிட்டால் நடுவில் எங்கோ வழுக்குகிறது. எஞ்சினே வேகம் எடுக்காமல் முக்கினால் பெட்ரோல், காற்று, இறுகிப் பிடிக்கும் பிரேக் என்று வேறு வழியில் தேட வேண்டும். "கத்துது" என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். என் காதில்தான் அது விழவில்லை.

"எதைத் தொட்டே?"

"ஸ்பிரிங்கை மட்டுந்தான்ப்பா."

"ஸ்பிரிங்கை மாத்த எதையெல்லாம் கழட்டினே?"

மூடி, கிண்ணம், பெல்ட், முன்புல்லித் தகடு, பின்புல்லி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்புல்லியைப் பிரித்தபோது உள்ளே கிரீஸ் வைத்ததையும் சொன்னேன். "எவ்வளவு?" என்றார். இரண்டு விரலைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் மூடியைக் கழற்றி, வெள்ளைத் துணியால் புல்லியின் உட்பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். துணி கறுத்துப் பிசுபிசுத்தது. அக்கறையாக நான் வைத்த அதிகப்படி கிரீஸ், நான் நோட்டில் கணக்குப் போட்ட அதே மையவிலக்கு விசையால் வெளியே வந்து பெல்ட் ஓடும் முகத்தில் படிந்திருந்தது. வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தபோது தெரியவில்லை. மூட்டை ஏறி, மேடும் வந்ததும் பெல்ட் வழுக்கிவிட்டது. புல்லிகளைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தினோம். பெல்ட்டில் கிரீஸ் ஊறிவிட்டதால் புதிது போட வேண்டியதாயிற்று. அதன் விலையை அக்காவிடம் வாங்கவில்லை.

மெக்கானிக்குகள் தட்டித் தட்டித்தான் கற்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் விடுதியில் வாதாடினார். நான் ஒப்பவில்லை. அப்பாவின் மூன்று கேள்விகளிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. அதற்காகப் பட்டறைதான் உண்மையான கல்லூரி என்று மேடையில் முழங்கவும் எனக்கு விருப்பமில்லை. ஸ்பிரிங் ஏன் காரணமாக இருக்க முடியாது என்பதைக் கணக்கால் காட்ட அப்பாவால் இயலாது. அது இந்தக் கல்லூரி எனக்குத் தந்தது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் இது இன்னும் தரவில்லை.

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். பருவத்திற்கு ஒருநாள், ஒரே ஒருநாள், எங்கள் கையில் பழுதான கருவியைக் கொடுங்கள். மீட்டர் சமனச் சுற்றில் உறைக்குள் அறுந்த கம்பி ஒன்றை மறைத்து வையுங்கள். தீர்ந்துபோன மின்கலத்தை நல்லவற்றோடு கலந்துவிடுங்கள். விடைக்கு மதிப்பெண் வேண்டாம். எதை முதலில் சந்தேகித்தோம், எதை எப்படி விலக்கினோம் என்று நாங்கள் எழுதும் பக்கத்திற்கு மதிப்பெண் போடுங்கள். பாடத்திட்டத்தில் இடமில்லை, ஒரு பிரிவில் மாணவர் அதிகம், கருவிகள் குறைவு என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பழுதான கருவிகளுக்கு நம் ஆய்வுக்கூடத்தில் பஞ்சம் உண்டா என்ன? மூலை அலமாரி நிறைய இருக்கின்றன.

நான் கழற்றிய அந்தக் கடினமான ஸ்பிரிங்குகள் மூன்றும் பட்டறை இழுப்பறையில் அப்படியே இருக்கின்றன. அடுத்த வண்டிக்குப் போடலாம் என்று அப்பா வைத்திருக்கிறார்.