20 வயதும் 130 வயதும் ஒன்றா?



தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு நிதியுதவி தருவது நல்ல காரியம். ஆனால் அதற்கு வகுத்திருக்கும் வயதுக் கணக்கைப் பாருங்கள்: 10 முதல் 15 ஆண்டு, 15 முதல் 20 ஆண்டு, 20 ஆண்டுக்கு மேல். அதோடு ஏணி முடிந்துவிடுகிறது. 2000-ல் எழுப்பிய கான்கிரீட் மண்டபமும் 1894-ல் கட்டிய இடைக்காட்டூர் திரு இருதய ஆலயமும் இந்தக் கணக்கில் ஒரே வயதுக்காரர்கள். தொகை போதாது என்பதல்ல என் புகார். கட்டியது சுண்ணாம்பிலா சிமென்டிலா என்று பிரித்துப் பார்க்காமல் கொடுக்கும் பணம், பழைய கிராமத்துக் கோயிலுக்கு மருந்தாக அல்ல, நோயாகவே போய்ச் சேரும்.

இடைக்காட்டூரையே எடுத்துக்கொள்வோம். மானாமதுரைக்குப் பக்கத்தில், பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்து பெர்டினான்ட் செல் என்ற பிரெஞ்சுக் குரு எழுப்பிய கோதிக் கோயில் அது. ரெய்ம்ஸில் கல்லில் செதுக்கியதை இங்கே மண்ணில் வார்த்திருக்கிறார்கள். வேலைப்பாட்டுக்குத் தக்கபடி விதவிதமான அச்சில் வார்த்துச் சுட்ட செங்கல். இப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் ஒத்துவரும். செங்கல் குடித்த மழை ஈரத்தைக் காரை மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்புப் பூக்கும், சில மழைக்காலங்களில் பூச்சு பாளமாகப் பெயரும். பெயரும்போது வெறுங்கையோடு போகாது. பழஞ்செங்கல்லைவிடக் கெட்டியானதால் செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். சுவர் உளுத்துவிட்டது, இடித்துவிடலாம் என்ற பேச்சு கிளம்புவது அதற்கப்புறம்தான்.

பங்கு மக்கள் பெருகிவிட்டார்கள், ஞாயிறு பூசைக்குப் பாதிப் பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்பார்கள். நியாயம்தான், புதிய கோயிலைப் பக்கத்தில் கட்டலாமே. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை என்பது வெறும் சாக்கு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துக் காரை அரைப்பவர்கள் கோயில் திருப்பணிகளில் இன்றும் இருக்கிறார்கள். அறநிலையத் துறையின் பழங்கோயிலில் கைவைக்க வல்லுநர் குழு ஒப்புதல் வேண்டும். மாதா கோயிலுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

கனமான மறுப்பு ஒன்று உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய திருக்குடும்ப ஆலயம், சாதிக்கொரு பக்கம் என்று இரண்டு கிளையாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேரும்படி அமைந்தது. நடுவே சுவர். 1910-ல் அந்தச் சுவரைத் திருச்சபையே இடித்தது. அதை எதிர்த்து வழக்காடியவர்கள் உயர் நீதிமன்றம்வரை போயும் தோற்றார்கள். இப்படிப்பட்ட அவமானத்தையுமா பாதுகாப்பது என்று கேட்கலாம். ஆம். இடிக்க வேண்டியது சுவர், அது போயிற்று. ஒரே பூசையை இரண்டு கூட்டமாக நின்று பார்த்த காலத்துக்குச் சாட்சி அந்தக் கட்டடத்தின் வடிவம்தான். அதைச் செப்பனிடுகிறேன் என்று நேராக்கிவிட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்வது சுலபமாகிவிடும்.

20 ஆண்டுக்கு மேல் என்ற படிக்கு மேலே, 100 ஆண்டுக்கு மேல் என்று இன்னொரு படி வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு கட்டடத்தின் அளவு வரைபடமும், புகைப்படங்களும், சுண்ணாம்பு வேலைக்கான மதிப்பீடும் கேட்கட்டும். பரிசீலிக்கும்போது தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் உடன் இருக்கட்டும். அரசாணையில் நாலு வரி சேர்த்தால் முடிகிற வேலை இது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகங்கை மாவட்டம்.