ஓடினால்தான் பத்மினி!

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். முதல் ரகத்தினர் காரைப் போர்த்தி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உறையை உருவி, பளபளவெனத் துடைத்து, தெருக்கோடி வரை ஒரு சுற்று போய்வந்து மறுபடியும் போர்த்திவிடுவார்கள். இரண்டாவது ரகத்தினர் அதே காரில்தான் ஆபீஸ் போவார்கள், காய்கறி வாங்குவார்கள், மழையில் நனைவார்கள். ஊர் முதல் ரகத்தைப் பாராட்டும். இரண்டாமவரைப் பார்த்து, ‘இவருக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?’ என்று சிரிக்கும்.

ஆனால், யாருடைய கார் நன்றாக இருக்கிறது என்று அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ஆளைத்தான் கைகாட்டுவார்.

நின்றே கிடக்கும் கார், சத்தமில்லாமல் கெட்டுப்போகும். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகிப் படியும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக்கில் வீல் சிலிண்டர் இறுகிக்கொள்ளும். பேட்டரி படுத்துவிடும். மிச்சமிருக்கும் ஒயரை எலி பார்த்துக்கொள்ளும்.

ஒரு பத்மினிக்காரரை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் இருந்து கிண்டிக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு சின்ன அறிமுகம்: மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று தயாரிக்க ஆரம்பித்த கார்தான், எழுபதுகளின் நடுவில் பிரீமியர் பத்மினி ஆனது. 1089 சி.சி. இன்ஜின். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில். மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றபோது, அந்த ஊரே போட்டோ எடுத்து வழியனுப்பியது.

நம்ம ஆளின் காலை, சோக்கை இழுப்பதில் ஆரம்பிக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, மெல்ல சோக்கை உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் தெருமுனையில் நின்றுவிடும். இந்தக் காரைக் காதால்தான் ஓட்ட வேண்டும். நேற்று இல்லாத ஒரு ‘டிக் டிக்’ இன்று கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று ஆபீஸ் போய்ச் சேரும்வரை மண்டை குடையும். பவர் ஸ்டீயரிங் கிடையாது என்பதால், பார்க்கிங்கில் ஒரு முறை திருப்பி நிறுத்தினாலே தோள்பட்டைக்கு அன்றைய உடற்பயிற்சி முடிந்தது.

பிரேக்தான் பழக வேண்டிய விஷயம். டிரம் பிரேக் என்பதால் முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் நடுவே நல்ல இடைவெளி விட வேண்டும். சென்னையில் இடைவெளி விட்டால் என்ன ஆகும்? இரண்டு பைக், ஓர் ஆட்டோ வந்து புகுந்துகொள்ளும். இவர் மறுபடியும் இடைவெளி விடுவார், மறுபடியும் புகுவார்கள். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் ஈரம் புகுந்து பிரேக் பிடிக்காது. பெடலை லேசாக மிதித்தபடியே மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினால், சூட்டில் காய்ந்து பிடிமானம் திரும்பும். இதெல்லாம் தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் கைவரும்.

மே மாதம் வேறு கதை. மதிய வெயிலில், நீண்ட சிக்னலில், பெட்ரோல் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தை இழுக்கிற பம்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. இன்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுபோகும். பின்னால் ஹாரன் கச்சேரி. இவர் பதறாமல் இறங்கி, டிக்கியில் இருந்து பழைய வேட்டித் துணியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுப்பார். பானெட்டைத் திறந்து, ஈரத்துணியை பெட்ரோல் பம்பின் மேல் சுற்றுவார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது ஓர் ஆட்டோக்காரர் வந்து, “எங்கப்பா இந்த வண்டிதான் சார் டாக்ஸி ஓட்டினாரு” என்று கதை சொல்வதும் உண்டு.

டிக்கியில் துணி, தண்ணீரோடு ஃபேன் பெல்ட், பாயின்ட், கண்டன்சர், பிளக், ஒரு ரேடியேட்டர் ஹோஸ், இழுக்கக் கயிறு எல்லாம் இருக்கும். சூட்கேஸுக்குத்தான் இடமில்லை.

இப்போது வரும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலும் ஒரு கவலை. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் போன்றவை எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதைத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுவது நல்லது. மைலேஜும் சற்றுக் குறையும். கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களிலேயே 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. பத்மினி அதற்கும் ஒரு தலைமுறை மூத்தது.

சரி, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். இன்ஜின் சாமான்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது, புதுப்பேட்டை இருக்கிறது. தேடினால் ஓரளவு கிடைத்துவிடும். கண்ணாடி, பீடிங், கதவுக் கைப்பிடி மாதிரியானவற்றுக்குத்தான் அலைய வேண்டும். ஆனால், உண்மையான தட்டுப்பாடு சாமானில் இல்லை, கையில்!

இன்றைய மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி, திரையில் வருவதைப் படிக்கிறார். பத்மினியில் அதைச் செருக இடமே கிடையாது. பாயின்ட்டில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைக் கண்ணால் பார்த்து வைக்கவும், கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பி சத்தத்தை வைத்தே நிறுத்தவும் தெரிந்த மெக்கானிக் பாய்க்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் மகனுக்கு இந்த வேலையில் விருப்பமில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. மாதத்துக்கு நாலு பழைய கார் வந்தால் குடும்பம் நடக்குமா? “நான் இருக்கிறவரைக்கும் பார்த்துக்கலாம் சார்” என்று பாய் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, இவருக்கு அடிவயிற்றில் என்னவோ செய்யும். அதனால்தான் கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஸ்டூலைப் போட்டு பாய் பக்கத்தில் உட்கார்ந்து பாயின்ட் வைக்கக் கற்றுக்கொள்கிறார். ஐந்து முறை வைத்தால் இரண்டு முறை சரியாக வருகிறது.

காகித வேலை தனி. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆனது. பசுமை வரி வேறு. 50 வயது முடிந்த காரை ‘விண்டேஜ்’ என்று பதிந்து, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம் என 2021-இல் விதி வந்தது. கௌரவம்தான். ஆனால், அப்படிப் பதிந்த காரை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. தினமும் ஓட்டுகிறவருக்கு அது மாலை மரியாதையோடு தரும் கட்டாய ஓய்வு. சாதாரணப் பதிவையே பணம் கட்டித் தொடர்வதுதான் அவருக்குச் சரி.

பழைய கார் பிரியர்கள் பேச விரும்பாத விஷயம் ஒன்று உண்டு. “அந்தக் காலத்து இரும்பு சார், இடிச்சா எதிர்ல இருக்கறதுதான் நசுங்கும்” என்பார்கள். இது தவறு. இன்றைய கார்கள் நசுங்குவதே, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றத்தான். நசுங்காத இரும்பு அந்த அடியை மனிதருக்குக் கடத்திவிடும். பத்மினியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பழைய வண்டிகள் பலவற்றில் சீட் பெல்ட்டே கிடையாது. முன்சீட்டுக்காவது கட்டாயம் பொருத்திக்கொள்ள வேண்டும். நகருக்குள் நாற்பதில் போகலாம். ஆம்னி பஸ்கள் பறக்கும் நெடுஞ்சாலை இதற்கான இடமல்ல.

பேரன் பிறந்தபோது இந்தப் பேச்சு வீட்டிலேயே வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து குழந்தையை பத்மினியில்தான் அழைத்துவர வேண்டும் என்று இவருக்கு ஆசை. மகளை அழைத்துவந்ததும் அதே கார்தான். மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “உங்க காரை நான் ஒண்ணும் சொல்லலைங்க. குழந்தை மட்டும் அதுல வேண்டாம்.” ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, மாப்பிள்ளையின் புது காரில் குழந்தை வந்தது. பத்மினி பின்னாலேயே மருந்துப் பையையும் பழக்கூடையையும் சுமந்து வந்தது. இவர் மனைவி சொன்னதுதான் சரி.

சிக்னலில் நிற்கும்போது யாராவது கண்ணாடியைத் தட்டுவது வாரத்துக்கு ஒரு முறை நடக்கும்.

“சார், வண்டி குடுப்பீங்களா? நல்ல விலை தரேன்.”

“தினமும் ஓட்டுவீங்களா?”

“ஓட்ட இல்ல சார். நம்ம ஹோட்டல் வாசல்ல நிறுத்த. போட்டோ எடுக்க ஜனங்க வருவாங்க.”

அதற்குள் பச்சை விழுந்துவிடும். இவர் கியரை முதலுக்குத் தட்டிக் கிளம்பிவிடுவார்.