முத்திரைத் தாள் வேண்டாம், ஒரு பக்கத் தாள் போதும்

என் பேரனுக்கு வயது மூன்றரை. நிலக்கடலை அவனுக்கு ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம், லேசான அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை வயதில் கடலை மிட்டாயில் ஒரு துணுக்கைக் கடித்தான். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இழுத்தது. கம்பத்தில் டாக்டர் அட்ரினலின் ஊசி போட்டதால் பிழைத்தான்.

சென்ற ஜூனில் அவனை மழலையர் பள்ளியில் சேர்க்க நானும் மகளும் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஐந்து பள்ளிகள் ஏறி இறங்கினோம். இரண்டு இடங்களில் விஷயத்தைச் சொன்னதும் "சீட் முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றார்கள். வாசலில் அட்மிஷன் பேனர் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில், "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குங்கய்யா, சரியாப் போயிரும்" என்று யோசனை சொன்னார்கள். மற்ற இரண்டில் சேர்த்துக்கொள்ளத் தயார். ஆனால், "பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று முத்திரைத் தாளில் எழுதித் தர வேண்டுமாம். அலைந்து சலித்த மகள் பேனாவை எடுத்துவிட்டாள். "வேணாம்மா, வா போவோம்" என்று நான்தான் எழுப்பிக் கூட்டி வந்தேன்.

முதலில் அந்த "பழக்குங்கய்யா" யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். சார்ல் ரிஷே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, போர்த்தியே என்பவருடன் சேர்ந்து, கடல் உயிரிகளின் விஷத்தை நாய்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாம் என்றுதான் தொடங்கினார். சில வாரம் கழித்து இரண்டாம் முறை மிகச் சிறிய அளவு கொடுத்ததும் நாய் துடித்துச் செத்தது. 1902இல் இருவரும் அதற்கு வைத்த பெயர்தான் அனாஃபிலாக்சிஸ். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது சில மருத்துவமனைகளில் டாக்டர் கண் முன்னால் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு. அது சிறப்பு மருத்துவரின் வேலை. பள்ளிக்கூடத்து ஆயாம்மா சுண்டலை வைத்துச் செய்யும் வேலை கிடையாது.

"நம்ம காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். எத்தனை வீட்டில் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று போயிற்று? காத்துக் கருப்பு என்றோம், சேராத தீனி என்றோம். எதனால் போனது என்று பார்க்க அன்று வழி ஏது?

இனி காகிதத்துக்கு வருகிறேன். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். காகிதத்தில் இரண்டே ஜாதி. ஒன்று, "நான் பொறுப்பல்ல" என்று தள்ளிவிடும் காகிதம். மற்றது, "இன்னது நடந்தால் இன்னார் இன்னது செய்ய வேண்டும்" என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கும் காகிதம். பள்ளிகள் கேட்டது முதல் ஜாதி. பிள்ளையைக் காப்பது இரண்டாவது.

பிரான்சில் இந்த இரண்டாவது காகிதம் இருக்கிறது. பெ.ஆ.ஈ. என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். பெற்றோரும் மருத்துவரும் பள்ளித் தலைமையும் சேர்ந்து தயாரிப்பது. எது கொடுக்கக்கூடாது, அறிகுறி என்ன, மருந்து எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும்.

காகிதம் மேசை இழுப்பறையில் தூங்கினாலும் பயனில்லை. 2017இல் நியூயார்க் நகர மழலையர் பள்ளி ஒன்றில் எலைஜா சில்வேரா என்ற மூன்று வயதுக் குழந்தைக்குப் பால் பொருள் ஆகாது என்று பள்ளிக்குத் தெரிந்திருந்தும், சீஸ் வைத்த ரொட்டியைக் கொடுத்துவிட்டார்கள். குழந்தை இறந்தது. 2019இல் அவன் பெயராலேயே அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது.

நம் நாட்டில்? பாக்கெட் உணவில் நிலக்கடலை இருந்தால் அச்சிட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. பிள்ளைக்கு விதி இல்லை. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் உணவு ஒவ்வாமை கிடையாது. எந்தக் கோப்பிலும் இடமில்லாத பிள்ளைக்கு எந்த வகுப்பிலும் இடமில்லாமல் போகிறது.

பள்ளிக்காரர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வாடகைக் கட்டடம், வருடத்துக்கு ஒரு ஆயாம்மா, ஒன்று ஆகிவிட்டால் போலீஸ், பத்திரிகை. ஆனால் என் பேரனைத் திருப்பி அனுப்பினால் அபாயம் போய்விடுமா? அவர்கள் வகுப்பிலேயே, வீட்டுக்கே தெரியாமல் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். முதல் முறை வருவது பள்ளியிலேயே வரலாம். அன்றைக்கு முத்திரைத் தாள் மூச்சைத் திருப்பித் தராது.

செலவும் பெரிதில்லை. வெளிநாட்டில் விற்கும் பேனா ஊசி எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கவில்லை. சாதாரண அட்ரினலின் ஆம்பூல் கிடைக்கிறது, விலையும் குறைவு. தடுப்பூசி போட வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமே இந்த மருந்து இருக்கும். ஊசிக்குப் பின் பிள்ளைக்கு இப்படி ஆனால் முதல் டோஸ் போட அவருக்கு அனுமதியும் உண்டு. அவரை ஒரு மணி நேரம் பள்ளிக்கு அழைத்து அறிகுறிகளைச் சொல்லிக் கொடுக்கச் சொல்ல எவ்வளவு செலவாகும்? மரச்செக்குக் கடலெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும் என்பதைச் சமையல்காரம்மாவுக்குச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

கடைசியில் இடம் கொடுத்தது பக்கத்துத் தெரு அங்கன்வாடி. அங்கிருக்கும் அம்மா முத்திரைத் தாள் கேட்கவில்லை. "என்ன குடுக்கக் கூடாது, தப்பித் தவறி தின்னுட்டா முதல்ல என்ன செய்யணும், பெரிசா எழுதிக் குடுங்கய்யா, செவுத்துல ஒட்டிக்கிறேன்" என்றார். பிரெஞ்சு தெரியாத அவர் கேட்டது அதே பெ.ஆ.ஈ.தான்!

ஆனால் ஊசி போட அவருக்குப் பயிற்சியும் இல்லை, உத்தரவும் இல்லை. அதனால் தினமும் காலை பத்திலிருந்து வெளியே வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பையில் ஆம்பூல், சிரிஞ்சு, டாக்டர் எழுதித் தந்த அளவு: பதினைந்து கிலோ எடைக்கு 0.15 மில்லி, தொடையின் வெளிப்பக்கம், உடனே 108.

எனக்கு எழுபத்து நான்கு. எத்தனை நாள் இப்படி உட்கார முடியும்? தாத்தா இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

உங்கள் பேரன் பேத்தி படிக்கும் பள்ளிக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டினால் இங்கே யார், என்ன செய்வீர்கள்?" பதில் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்.