கேட்டறிதலும் ஒரு கல்வியே



கணினிப் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தார். சிறு வயதில் என்னிடம் ஓதியவர். "ஹஜ்ரத், இந்தப் பருவத்தில் தேவைப் பொறியியல் என்று ஒரு பாடம். நிரல் எழுதும் வேலையே அதில் இல்லை. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவதாம். இதற்கு ஒரு பல்கலைக்கழகப் படிப்பு தேவையா?" என்று சலித்துக்கொண்டார்.

கலைப் பட்டதாரியான எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எனினும் அவருடைய வினாவைத் தள்ளிவிட மனம் வரவில்லை. பாடநூலை வாங்கிப் புரட்டினேன்.

வீடு கட்டும் கொத்தனார்கூடக் குடும்பத்தில் எத்தனை பேர், அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்ட பின்னரே நூல் பிடிக்கிறார். சுவர் எழும்பிய பின் வாசலை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும். மென்பொருளுக்கும் இதே நியதிதான். 1968ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மாநாடு 'மென்பொருள் பொறியியல்' என்னும் பெயரைப் பரப்பியது. தேவைப் பொறியியலுக்கெனத் தனிப் பன்னாட்டுக் கருத்தரங்கு 1993இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்தது. தேவைகளைக் கேட்டறிதல், பகுத்தாய்தல், ஐயமின்றி எழுதுதல், சரிபார்த்தல், பின்னர் வரும் மாற்றங்களை முறையாக நிர்வகித்தல் ஆகியவை இதன் படிகள். 'மனு விரைவாகப் பதிவாக வேண்டும்' என்று எழுதினால் இப்பாடத்தில் மதிப்பெண் கிடையாது. எத்தனை விநாடிக்குள் என்று எழுத வேண்டும். அளந்து பார்க்க இயலாத தேவையை நிறைவேற்றியதாக எவரும் மெய்ப்பிக்க இயலாதல்லவா?

எழுதினால் மட்டும் போதாது. அமெரிக்கா செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய விண்கலம் ஒன்று 1999இல் அழிந்தது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அளவில் கணக்குத் தர, மறு குழு அதனை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. மெட்ரிக் அளவே வேண்டும் என்பது ஆவணத்தில் இருந்தது, அது சரிபார்க்கப்படவில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மதுரைக்கு அருகிலுள்ள மேலூர் வட்டாரத்தையே பாருங்கள். 2001இல் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. முதலிய நிறுவனங்களும் இணைந்து அங்குள்ள கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தன. கம்பி இழுக்காமலே இணைப்புத் தரும் 'கார்டெக்ட்' தொழில்நுட்பம் அதற்குப் பயன்பட்டது. பிறப்பு, வருமானம், சாதிச் சான்றிதழ்களுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்க வழி பிறந்தது. கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறவும் முடிந்தது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மக்களுக்கு மிச்சமாயின.

ஆயினும் சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. ஆய்வாளர்கள் காரணங்களைத் தேடினர். மையங்கள் தம் வருவாயில் நீண்ட காலம் நிற்க முடியவில்லை. நிறுவனங்களுக்கிடையே ஒத்துழைப்பு நீடிக்கவில்லை. ஊக்கமளித்த அதிகாரிகளும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் மாறிச் சென்றதும் அரசுச் சேவைகள் தளர்ந்தன. இவற்றுள் எதுவும் கம்பியில்லாக் கருவியின் குறையன்று என்பதைக் கவனியுங்கள். விண்ணப்பிக்கும் கிராமத்தாரின் தேவை தெரிந்திருந்தது. அதனைப் பெறும் எழுத்தருக்கு என்ன வேண்டும், அதிகாரி மாறினால் பணி எவ்வாறு தொடரும் என்பவையும் தேவைகளே. தொடர்புடையோர் அனைவரையும் முதலில் பட்டியலிடுக என்று பாடநூல் வற்புறுத்துவதன் பொருள் மேலூரில் விளங்குகிறது.

இதையெல்லாம் சொன்ன பின் மாணவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். "உன் பாட்டியார் முதியோர் ஓய்வூதியத்திற்கு அலைந்தாரே, எத்தனை முறை, எதற்காகச் சென்றார் என்று கேட்டு எழுதி வா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளுடன் வந்தார். முதல் முறை, குடும்ப அட்டையில் 'காதர் பீவி' என்றும் வாக்காளர் அட்டையில் 'காதிர் பீ' என்றும் இருந்ததால் மனு திரும்பியது. அடுத்த முறை, வேண்டிய தாள் எது என்று சொல்வார் இல்லை. மூன்றாம் முறை, அதிகாரி வெளியூர் சென்ற நாள். "இன்னும் வேகமான கணினி வைத்தாலும் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தீராது ஹஜ்ரத்" என்றார். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டுமே கொண்டுள்ள நம் மக்களிடம், குடும்பப் பெயரை எழுதாவிட்டால் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் படிவங்களையும் அவரே நினைவுகூர்ந்தார். அந்தப் படிவத்தை ஆக்கியவர் நம்மில் ஒருவரையேனும் கேட்டிருப்பாரா?

பெற்றோர்களே! அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் கணினி பயிலும் நம் பிள்ளைகள் மென்பொருள் பொறியியலின் ஒரு பகுதியாக இதனைப் படிக்கின்றனர். தேர்வுக்கு முந்திய இரவில் மனனம் செய்து விட்டுவிட வேண்டிய பகுதியன்று இது. பெரியோரிடம் பொறுமையாக அமர்ந்து கேட்கும் பழக்கமும், கேட்டதைப் பிழையின்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் பயிற்சியும் இதற்கு மூலதனம். அவற்றை வீட்டிலேயே தொடங்கலாம்.

அந்தத் தாளை மாணவர் என்னிடமே விட்டுச் சென்றார். அதன் அடியில் தாமாக ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பாட்டிக்கு எழுத்துச் சிறிதாக இருந்தால் தெரியாது, இதை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.'