மேட்டூர் அணைக்குள் ஸ்கூபா டைவிங்: நந்தியைப் பார்க்கப் போகலாமா? ஆபத்து எங்கே இருக்கு?

மேட்டூர் அணையில் தண்ணீர் குறைந்தால் இளம்பிள்ளை, தாரமங்கலம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே படம்தான் சுற்றும். பண்ணவாடியில் வெளியே தெரியும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. நீர்மட்டம் சுமார் 70 அடிக்குக் கீழே போனால்தான் இந்தக் காட்சி. பழைய கிறிஸ்தவ தேவாலயக் கோபுரம் அதற்கு முன்பே தலைகாட்டிவிடும். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்காக ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவர்களின் மிச்சம் இவை.

சரி, அணை நிரம்பியிருக்கும்போது ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தால் என்ன? (சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, அழுத்தி அடைத்த சாதாரண காற்றுதான். சுத்தமான ஆக்சிஜனை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பே வந்துவிடும்.)

சீனாவில் இதைச் செய்கிறார்கள். 1959-ல் அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட ஷிச்செங் நகரத்தின் கல் வளைவுகளைப் பார்க்க டைவர்கள் போகிறார்கள். மேட்டூரிலும் ஆழம் பெரிய தடை இல்லை. 120 அடி முழுக் கொள்ளளவில் நந்திக்கு மேல் நிற்பது ஏறத்தாழ 50 அடி தண்ணீர், அதாவது 15 மீட்டர். அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கான எல்லையே 18 மீட்டர்.

ஆனால் அணைத் தண்ணீர் கடல் மாதிரி இல்லை. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் உடம்பு சீக்கிரம் கீழே இறங்கும்; கடலில் கட்டும் ஈய எடையில் 2 கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் காவிரி வண்டலோடு வரும், நீட்டிய கையே தெரியாது. மீனவர்களின் வலையும் கிடக்கும். கலங்கலில் வலை சுற்றிக்கொண்டால் கத்தி இல்லாமல் வெளியே வருவது கஷ்டம்.

இதெல்லாம் பண்ணவாடிப் பக்கம். அணைச் சுவரை நெருங்கினால் கதையே வேற.

மதகு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 15 மீட்டர் தண்ணீர், மறுபக்கம் வெறும் காற்று. ஒரு அடிக்கு ஒரு அடி அளவுள்ள திறப்பை ஒருவரின் உடல் அடைத்தால், அதன் மேல் விழும் அழுத்தம் சுமார் 1,400 கிலோ. ஒரு காரின் எடை. எத்தனை பேர் கயிறு கட்டி இழுத்தாலும் வராது. மேற்பரப்பு அமைதியாகத்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்றால் இழுப்பே தெரியாது. தெரியும்போது நீந்தித் தப்பிக்க முடியாத தூரத்துக்கு வந்திருப்போம். அனுபவமுள்ள டைவர்களும் அணைகளில் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

சுற்றுலாவை விட இது முக்கியமாகும் இடம் மீட்புப் பணி. ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் குளிக்க ஆயிரக்கணக்கானோர் மேட்டூர் வருகிறார்கள். யாராவது மூழ்கினால் தேட இறங்குவது தீயணைப்புத் துறையினரும் உள்ளூர் நீச்சல்காரர்களும்தான். கரையில் உறவினர்கள் கதறும்போது 'சீக்கிரம் இறங்குங்க' என்ற நெருக்கடி இருக்கும். ஆனால் உலகம் முழுக்க டைவிங் விதி ஒன்றுதான்: அருகிலுள்ள மதகை முதலில் மூட வேண்டும், அதன் இயக்கத்தைப் பூட்ட வேண்டும், கடைசி ஆள் மேலே வரும்வரை சாவி டைவிங் மேற்பார்வையாளரிடம் இருக்க வேண்டும். பாசனத்துக்குப் போகும் தண்ணீர் சில மணி நேரம் நின்றாலும் சரி.