கரியமில வாயுச் சீட்டும் கஜானாவும்

சர்க்கார் நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கி, அதன் உயிரை எடுத்துவிட்டு, உடலை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் பணம் வசூலிக்கும் என்பதை அறிய விரும்புகிறவர்கள், இங்கிலாந்தில் 2010-ம் வருஷம் ஏப்ரலில் ஆரம்பித்து 2019 மார்ச்சில் முடிந்த ஒரு திட்டத்தைக் கவனிப்பார்களாக.

நிலக்கரியையும் எரிவாயுவையும் எரிப்பதால் கரியமில வாயு பெருகி, பூமியின் உஷ்ணம் ஏறுகிறது. உலை வைத்து நடக்கும் பெரிய ஆலைகளை ஐரோப்பிய ஏற்பாடு ஒன்று 2005 முதலே கட்டுப்படுத்தி வந்தது. ஆனால் பாங்கிகள், பெருங்கடைகள், ஹோட்டல்கள், சர்வகலாசாலைகள், நகரசபைகள் ஆகியவைகளைக் கேட்பாரில்லை. மின்சாரச் செலவு இவைகளின் மொத்தச் செலவில் ஒரு சிறு பாகமே. ஆளில்லாத அறையில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் எந்த டைரக்டருக்குத் தூக்கம் கெடும்?

ஆகவே, 2008-ல் 60 லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்த ஸ்தாபனங்கள், ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் 12 பவுன் வீதம் சர்க்காரிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டுமென்று ஏற்படுத்தினார்கள். வசூலான பணம் அந்த ஸ்தாபனங்களுக்கே திரும்பிவிடும். சிக்கனத்தில் முந்தியவனுக்குக் கூடுதலாகவும், பிந்தியவனுக்குக் குறைவாகவும் கிடைக்கும். யார் முந்தியவன், யார் பிந்தியவன் என்ற ஜாபிதாவை உலகமறிய வெளியிடுவார்கள் என்பதே ஏற்பாடு. சர்க்கார் இலாகாக்களையும் இதில் சேர்த்தார்கள். யோசனையில் குற்றம் சொல்ல இடமில்லை.

ஆனால் நடந்ததென்ன? ஆறே மாதத்தில், 2010 அக்டோபர் 20-ந் தேதி, நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்போர்ன் செலவுத் திட்டத்தை வெளியிட்டபோது, பணம் திரும்பாது, கஜானாவிலேயே இருக்குமென்று சொல்லிவிட்டார்கள். 2014-15-ல் வருஷத்துக்கு 100 கோடி பவுன் கிடைக்குமென்று கணக்கும் காட்டினார்கள். 2013 முதல் மொத்தச் சீட்டுக்கு வரம்பு கட்டுவதென்ற யோசனையும் கைவிடப்பட்டது. வேண்டிய மட்டும் சீட்டை, சொன்ன விலைக்குச் சர்க்காரே விற்றால் அதற்கு வியாபாரமென்று பெயர் எதற்கு? பந்தயப் பணம் போன பிறகு 2011 நவம்பரில் முதல் ஜாபிதா வந்தது. அதுவும் யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று பார்க்கவில்லை; தானே கணக்கெடுக்கும் மீட்டர் வைத்தார்களா, அத்தாட்சி வாங்கினார்களா என்றே பார்த்தது. 2013-ல் ஜாபிதாவும் ஒழிந்தது.

"வரியானாலென்ன? குறைவாக எரித்தவன் குறைவாகக் கட்டுவான், சிக்கனம் வருமே" என்று சிலர் சொல்லலாம். வாஸ்தவம். வரியை நாம் குறை கூறவில்லை. அப்படியானால் வரியென்றே சொல்லி, மின்சார பில்லோடு வசூலித்துவிடலாமே! அப்படியொரு வரி அங்கே 2001 முதலே இருந்ததல்லவா? அதன்மேல் பதிவும், தணிக்கையும், வருஷாந்தர அறிக்கையும், இவைகளை எழுதிக்கொடுக்கக் கூலிக்கு ஆலோசகர்களும் எதற்கு? இந்தக் கேள்வி நியாயமானதென்பதை அதே ஆஸ்போர்ன் 2016 மார்ச் பட்ஜெட்டில் தம் செய்கையாலேயே ஒப்புக்கொண்டார். திட்டத்தை எடுத்துவிட்டு, பழைய வரியை 2019 முதல் உயர்த்துவதாக அறிவித்தார். இதைத் தெரிந்துகொள்ள ஆறு வருஷம் வேண்டுமா?

"சர்க்காருக்குப் பணமுடை" என்பது மற்றொரு சமாதானம். பணமுடை இருந்தது மெய்தான். ஆனால் சர்க்கார் வாக்கை நம்பிப் பழைய விளக்கையும் கொதிகலனையும் மாற்றக் கைப்பணம் போட்டவனுக்கு என்ன பதில்? அடுத்த முறை சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தால், "இதுவும் ஆறு மாதத்துக்குத்தானே" என்று அவன் சும்மா இருக்கமாட்டானா? அந்த அவநம்பிக்கையின் நஷ்டம் 100 கோடி பவுனைவிடப் பெரிதென்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே, எந்தத் தேசத்துச் சர்க்காரானாலும், புகைக்கு விலை வைக்கட்டும், தாராளமாக வைக்கட்டும். ஆனால் அந்தப் பணம் எங்கே போகும், எத்தனை வருஷத்துக்கு மாறாது என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைக்கட்டும். ஊரார் சிக்கனமாய் இருக்கவேண்டுமென்று கேட்கிற சர்க்கார், முதலில் தன் வாக்கில் நாணயமாய் இருக்கவேண்டாமா?